தீயும் திருத்தொண்டும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தன்னார்வத் தீயணைப்புப் பணியின் வரலாறு

ஐம்பெரும் பூதங்களுள் தீக்கு நம் வழிபாட்டில் உள்ள இடம் தனிச்சிறப்புடையது. கருவறையில் தூண்டா விளக்காக ஒளிர்வதும், யாகசாலையில் வேள்விக் குண்டத்தில் வளர்வதும், தீபாராதனைத் தட்டில் கற்பூரமாய்க் கரைவதும், மாரியம்மன் ஆலயங்களில் பூக்குழியாய்ப் பரந்து கிடப்பதும் தீயே. பிறப்பின் சடங்கு முதல் இறுதிச் சடங்கு வரை தீயின் முன்னிலையில் வாழும் மக்கள் நாம்.

அந்தத் தீயே எல்லை கடக்குமானால், அது வீட்டையும் வீதியையும் வேறுபாடின்றி விழுங்கும். மதுரை மாநகர் எரிந்த கதையைச் சிலப்பதிகாரத்தின் வாயிலாகத் தமிழுலகம் அறியும். ஆதலால் தீயை வணங்கத் தெரிந்த சமுதாயம், தீயிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரிந்திருத்தல் வேண்டும். இந்தக் காவல் சம்பளம் பெறும் அலுவலர்களின் கடமை மட்டுமே என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கோலாலம்பூரின் வரலாறு வேறு விதமாகத் தொடங்கியது. இந்நகரின் முதல் தீயணைப்புப் படை, தொழில்முறைப் படை அன்று. ஊர் நலம் கருதித் தாமே முன்வந்தவர்களின் தொண்டர் படையே அது. அந்த வரலாற்றையும், அது இன்றைய ஆலயங்களுக்கு விட்டுச் சென்றுள்ள பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தாப்பு நகரம் எரிந்த ஆண்டு

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், 1857ஆம் ஆண்டளவில் ஈயச் சுரங்கத் தொழிலை நம்பி உருவான சிற்றூரே கோலாலம்பூர். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் அழிந்துபோன இவ்வூரைக் காப்பித்தான் யாப் ஆ லோய் மீண்டும் எழுப்பினார். 1880ஆம் ஆண்டில் மாநிலத்தின் ஆட்சி மையம் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. ஆயினும் தலைநகருக்குரிய தோற்றம் ஊருக்கு அமையவில்லை. மரச் சட்டங்களும் மண் சுவர்களும் அத்தாப்புக் கூரைகளுமே அன்றைய வீடுகள். நீப்பா முதலிய பனை வகைகளின் ஓலையை முடைந்து வேயப்படும் அத்தாப்பு, வெயிலைத் தடுத்து வீட்டைக் குளிர்விக்கும், எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சில நாள் மழை இல்லையெனில், ஒரு பொறி விழுந்தாலே பற்றிக்கொள்ளும் தன்மையது. நெருங்கிய கூரைகள், குறுகிய சந்துகள், எண்ணெய் விளக்குகள், விறகடுப்புகள் ஆகிய அனைத்தும் ஒன்றுகூடிய இடமாக அன்றைய நகரம் இருந்தது.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூண்ட தீ, ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த பெருவெள்ளம், எஞ்சியதையும் புதிதாகக் கட்டியதையும் சிதைத்தது. ஓராண்டிற்குள் தீயாலும் நீராலும் தாக்குண்ட ஊர், இரண்டு பாடங்களைக் கற்றது. வீடுகளைத் தீப்பற்றாத பொருளால் கட்டுதல் வேண்டும் என்பது முதலாவது பாடம். தீப்பற்றினால் உடனே அணைக்க ஆயத்தமான ஆட்கள் ஊரிலேயே இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

பதினைந்து பேர் தொடங்கிய பணி

இரண்டாவது பாடத்தின் விளைவாக 1883ஆம் ஆண்டில் தோன்றியதே சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை. பொதுப்பணித் துறையில் பணியாற்றிய எச்.எஃப். பெல்லமி என்னும் ஆங்கிலேயர் அதற்குத் தலைமை ஏற்றார். படையின் தொடக்க வலிமை 15 பேர். மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றின் தோற்றுவாயாக இந்தப் பதினைந்து பேரின் முயற்சியையே குறிப்பிடுகின்றது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில், பழைய அரண்மனைப் பகுதியில் பெல்லமியின் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று இன்றும் உண்டு. அவ்வழியே நாள்தோறும் செல்வோருள், தீயணைப்பு வரலாற்றில் அப்பெயருக்குள்ள இடத்தை அறிந்தோர் மிகச் சிலரே.

அன்றைய தீயணைப்புப் பணி எத்துணை உடலுழைப்பைக் கோரியது என்பதை இன்று கற்பனை செய்வதும் கடினம். குழாய் நீர் இல்லாத காலம் அது. ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வாளிகளில் முகந்து, கை மாற்றிக் கை மாற்றி நீரைக் கொண்டுசெல்ல வேண்டும். கைப் பம்பு என்பது சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு நீர்த்தொட்டி. அதன் இருபுறமும் நீண்ட பிடிகள் இருக்கும். ஒருபுறத்தார் அழுத்த, மறுபுறத்தார் தூக்க, இடைவிடாது இயக்கினால்தான் குழாய் வழியே நீர் பீறிடும். சில நிமிடங்களிலேயே கைகள் ஓய்ந்துவிடும். அடுத்த அணி வந்து பிடிகளைப் பற்ற வேண்டும். பின்னர் பம்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்துவரும் நிலை ஏற்பட்டது. அப்போதும் பிடிகளை இயக்க மனிதக் கரங்களே தேவைப்பட்டன.

ஓலைக் கூரைகள் நிறைந்த ஊர்களில் உலகெங்கும் பின்பற்றப்பட்ட மற்றொரு முறையும் உண்டு. நீண்ட கழியின் முனையில் பொருத்திய இரும்புக் கொக்கியால், இன்னும் பற்றாத அடுத்த வீட்டின் கூரையை இழுத்துத் தள்ளித் தீக்கு இடைவெளி உண்டாக்குவதே அம்முறை. ஊரைக் காப்பதற்காகத் தன் வீட்டுக் கூரையை இழந்தவரும் அக்காலத்தில் இருந்திருப்பர். ஊரார் அனைவரின் ஒத்துழைப்பும் இன்றிப் பதினைந்து பேர் கொண்ட படையால் எதுவும் செய்திருக்க இயலாது. படையினர் வழிகாட்ட, ஊரார் கைகொடுக்க, இரண்டும் சேர்ந்ததே அன்றைய தீயணைப்பு.

செங்கல் தந்த காவல்

முதலாவது பாடத்தின் விளைவைப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே சொல்லும். 1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கட்டடங்களுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைத் திருத்தி அமைக்க முனைந்தார். 1884ஆம் ஆண்டில் அதற்கான ஆணை பிறந்தது. ஒரு நகரத்தையே கட்டுவதற்கு வேண்டிய செங்கல்லுக்காக, ஊரின் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. செங்கல் வயல் எனப் பொருள்படும் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அதனால் நிலைத்தது. பிற்காலத்தில் இரயில்வேப் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அமைந்து, இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைந்து வாழ்ந்த இப்பகுதியின் பெயருக்குள், 1881ஆம் ஆண்டுத் தீயின் நினைவு மறைந்து கிடக்கின்றது.

ஆலயங்களின் வரலாறும் இம்மாற்றத்தோடு இணைந்தே செல்கின்றது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டில் கா. தம்புசாமிப் பிள்ளை அவர்களால் நிறுவப்பட்டது. 1885ஆம் ஆண்டில் அது ஹை ஸ்திரீட் என வழங்கிய, இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு இடம் மாறியது. அப்போதும் அது அத்தாப்புக் கூரை வேய்ந்த எளிய கட்டடமே. 1887ஆம் ஆண்டில் அக்கூரை நீங்கிச் செங்கல் கட்டடம் எழுந்தது. பின்னர் 1968ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணியின் பயனாகவே இன்று நாம் காணும் ஆலயம் உருவாயிற்று. ஓலைக் கொட்டகையில் வீற்றிருந்த அன்னை, நகரம் செங்கல்லுக்கு மாறிய அதே ஆண்டுகளில் செங்கல் ஆலயத்தில் எழுந்தருளினாள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

செங்கல் கட்டடங்கள் தீயை முற்றிலும் ஒழித்துவிடவில்லை. ஆனால் அதன் வேகத்தைக் குறைத்தன. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு கடைகளுக்கு இடைப்பட்ட பொதுச் சுவர் செங்கல்லால் ஆனது. ஒரு கடையில் மூண்ட தீ அடுத்த கடையைப் பற்றுவதற்கு அச்சுவர் தடையாக நின்று, தீயணைப்போர் வந்து சேரக் காலம் தருகின்றது. கிள்ளான் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்டோரியா காலப் பாணியில் கட்டப்பட்ட தீயணைப்பு நிலையம், அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கின்றது.

தோட்டமும் புதுக்கிராமமும்

நகரங்களில் நிலையங்கள் அமைந்தன. நாட்டுப்புறத்தின் நிலையோ வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிர் பரவியபோது, கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்கள் பெரும்பாலும் பலகைச் சுவர்களால் ஆனவை. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் ஒவ்வோர் அறையிலும் இருந்தன. நகரத்துத் தீயணைப்பு வண்டி செம்மண் சாலையைக் கடந்து வருவதற்குள் லயமே எரிந்து முடியும். ஆகவே அங்குத் தீயணைப்போர் என்போர் அயல்வீட்டாரே. வாளியும் ஈரச் சாக்கும் மணலும் மரக்கிளையுமே அவர்களுடைய கருவிகள்.

மலாயாவின் அவசரகாலத்தில், 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், நாடெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். அக்கிராமங்களிலும் பலகை வீடுகள் நெருங்கி நின்றன. நகரத்து நிலையங்கள் தொலைவில் இருந்தன. இத்தகைய கிராமங்கள் பலவற்றில் இளைஞர்களும் வணிகர்களும் கூடித் தத்தம் ஊருக்கெனத் தன்னார்வத் தீயணைப்புப் படைகளை அமைத்துக்கொண்டனர். கடைக்காரர், மெக்கானிக், விவசாயி என வெவ்வேறு தொழில் செய்வோர், அழைப்பு வந்தவுடன் கையிலுள்ள வேலையை விட்டு ஓடிவரும் அமைப்பு அது. அண்டை அயலார் தந்த நன்கொடையால் பம்பு வாங்கி, ஓய்வு நேரத்தில் பயிற்சி செய்து, ஊர்க் காவலைத் தம் பொறுப்பாக ஏற்றனர். ஒருவருக்கு நேரும் இடர் ஊருக்கே நேரும் இடர் என்னும் உணர்வே அதற்கு அடித்தளம்.

சட்டம் தந்த இடம்

நாட்டின் தீயணைப்புச் சேவைகள் 1976ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மத்திய அரசின் பொறுப்பில் ஒருங்கிணைக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைகள் சட்டம், 1989ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1997ஆம் ஆண்டில் துறையின் பெயர் தீயணைப்பு மீட்புத் துறை என மாறியது. வெள்ளம், விபத்து, நிலச்சரிவு ஆகியவற்றில் உயிர் காப்பதும் அதன் கடமை என்பதைப் புதிய பெயர் எடுத்துக்காட்டியது. மக்கள் வழக்கில் பொம்பா என்னும் ஒரே சொல்லே போதுமானதாயிற்று.

அரசின் துறை வளர்ந்தபோதும் தொண்டர் படைகள் மறையவில்லை. பொம்பா சுக்கரேலா என மலாய் மொழியில் வழங்கும் தன்னார்வப் படைகள், துறையின் மேற்பார்வையிலும் பயிற்சியிலும் நாட்டின் பல சிற்றூர்களில் இன்றும் இயங்கி வருகின்றன. தீயணைப்பதோடு அவர்களுடைய பணி முடிவதில்லை. வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்தல், குளவிக் கூட்டை அகற்றல், சாலையில் சாய்ந்த மரத்தை வெட்டி வழி திறத்தல், பள்ளிகளில் தீத்தடுப்பு விளக்கம் அளித்தல், வெள்ளத்தில் சிக்கிய முதியோரைப் படகில் ஏற்றி வருதல் போன்றவை அவர்களுடைய அன்றாடத் தொண்டுகள். அண்டை வீட்டாரே உதவியாளராக வருவதால், எந்த வீட்டில் நடக்க இயலாத பாட்டி இருக்கிறார், எந்தச் சந்தில் வண்டி நுழையாது என்பன அவர்களுக்கு முன்பே தெரியும். தொலைவிலிருந்து வரும் எவருக்கும் கிட்டாத அறிவு இது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முதலிய இடங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் இதனைக் கண்கூடாகக் கண்டனர். சொந்தப் படகு கொண்டு வந்தோரும், உணவு சமைத்து அனுப்பியோரும், முன்பின் அறியாதவர்க்குத் தோள் கொடுத்தோரும் இன வேறுபாடு பாராது திரண்டனர்.

உலக நாடுகள் பலவும் இவ்வழியையே நம்புகின்றன. ஜெர்மனியில் தீயணைப்போருள் மிகப் பெரும்பான்மையினர் தன்னார்வலர்களே. ஜப்பானில் ஊர்தோறும் அமைந்த தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உள்ளனர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பெரிகன் என்னும் சிற்றூரில் 1896ஆம் ஆண்டில் தோன்றிய காட்டுத்தீத் தடுப்புக் குழுவிலிருந்து, மாநிலம் தழுவிய நாட்டுப்புறத் தன்னார்வப் படை வளர்ந்தது. செல்வமும் கருவிகளும் நிறைந்த நாடுகளே அயலாரின் கைகளைக் கைவிடவில்லை என்பது கருதத் தக்கது.

கண்ணீர் கற்பித்த பாடங்கள்

பக்தியும் கொண்டாட்டமும் நிறைந்த இடங்களில் தீ புகுந்தால் நேரும் இழப்பைத் தமிழகமும் கேரளமும் கண்டுள்ளன. 1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் அதனால் எழுந்த நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004ஆம் ஆண்டு ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் ஓலைப் பந்தல் எரிந்தது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் மூண்ட தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 பிஞ்சுகளைப் பலி கொண்டது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில் வாணவேடிக்கைக்கான வெடிகள் வெடித்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நம் பள்ளத்தாக்கும் இதற்கு விலக்கன்று. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறி 20க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், கோலாலம்பூரில் சமயப் பள்ளி விடுதியொன்றில் அதிகாலை மூண்ட தீயில் 23 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். இந்நிகழ்வுகளைத் தனித்தனியே ஆராய்ந்தால் காரணங்கள் வேறுபடும். எனினும் எளிதில் பற்றும் கூரை, தடைபட்ட வழி, அளவு மீறிய கூட்டம், அருகிலேயே வைத்த எரிபொருள் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ ஒவ்வொன்றிலும் தென்படும். இவை நான்கும் முன்கூட்டியே நீக்கத் தக்கவை.

ஆலயத்திற்கும் இல்லத்திற்கும்

எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீ வாழாது. அவற்றுள் ஒன்றை நீக்கினால் அது மடியும். தீத்தடுப்பு அறிவுரைகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையின் விரிவே.

திருவிழாக் காலத்தில் ஆலயத்தில் கவனிக்க வேண்டியவை பல. யாகசாலைக்கும் அன்னதானத்திற்கும் அமைக்கும் கொட்டகைகளில், தீ வளர்க்கும் இடத்திற்கு நேர் மேலே துணித் தோரணமும் காகித அலங்காரமும் தொங்குதல் கூடாது. ஒவ்வொரு கொட்டகைக்கும் குறைந்தது இரண்டு வழிகள், எதிரெதிர்த் திசைகளில் இருத்தல் வேண்டும். அவ்வழிகளில் நாற்காலியோ காலணிக் குவியலோ வாகனமோ தடையாய் நிற்றல் ஆகாது. தீயணைப்பு வண்டி ஆலய வாசல் வரை வரத்தக்க வழியைத் தேர்த்திருவிழா நாளிலும் திறந்தே வைத்தல் வேண்டும். அகல் விளக்குகளிலிருந்து தரையில் வழியும் எண்ணெயை அவ்வப்போது துடைத்தால், வழுக்கலும் தீயும் ஒருங்கே தவிர்க்கப்படும். வண்ண மின்விளக்குச் சரங்களை ஒரே இணைப்பில் மேலும் மேலும் மாட்டுதல் தீங்கு பயக்கும். மின்னாக்கியை நிறுத்தி, அது ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்றுதல் வேண்டும்.

தீமிதித் திருவிழா நிகழும் ஆலயங்களில் பூக்குழியைச் சுற்றி உறுதியான தடுப்பு அமைத்து, குழந்தைகளை எட்ட நிறுத்துதல் நலம். விழா முடிந்ததும் தணல் தானே அவியும் என விட்டுவிடாமல் நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் நீர் ஊற்றி முற்றிலும் அணைத்தல் வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு மறுநாளும் சுடும். கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்தும்போதும் காற்றின் திசை அறிந்து, கூரைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தொலைவில் கொளுத்துதலே முறை.

அன்னதானச் சமையற்கூடமே ஆலயத்தில் மிகுந்த விழிப்பை வேண்டும் இடம். எரிவாயுத் தோம்பு எப்போதும் நிமிர்ந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகி இருத்தல் வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் கால்வாய்களிலும் தங்கும். கசிவை அறியத் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பேராபத்து. சவர்க்கார நீரைக் குழாயிலும் இணைப்பிலும் தடவினால், கசியும் இடத்தில் குமிழி தோன்றும். வாயு நாற்றம் வீசினால் எந்த மின்விசையையும் போடவோ நிறுத்தவோ கூடாது. தோம்பின் அடைப்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுதல் வேண்டும்.

வடைச் சட்டியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றுதல் கூடவே கூடாது. கொதிக்கும் எண்ணெயில் விழும் நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியெறியும். அடுப்பை நிறுத்தி, சட்டியை உலோக மூடியாலோ நன்கு பிழிந்த ஈரத் துணியாலோ மூடினால் காற்று தடைப்பட்டுத் தீ அடங்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுதலும் ஆகாது.

சேலையிலோ வேட்டியிலோ தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். உடனே நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மறைத்து உருளுதல் வேண்டும். வழிபாட்டிற்கு வரும் பெண்கள் முந்தானையையும், தாயார் சிறுமியரின் பாவாடையையும் விளக்கு வரிசையருகே கவனித்துக்கொள்ளுதல் நலம். தீப்புண்ணில் பற்பசையும் மஞ்சளும் சோயா சாறும் தடவும் பழக்கத்தைக் கைவிட்டு, ஓடும் குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டி, பின்னர் மருத்துவரை நாடுதலே சரியான முதலுதவி.

தீயணைப்புக் கருவி சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள் அன்று. ஆண்டுதோறும் அதனைச் சோதித்து, அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். பயன்படுத்தும் முறையும் எளிதே: பாதுகாப்பு ஊசியை இழுத்தல், குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்தல், கைப்பிடியை அழுத்துதல், இடமும் வலமும் வீசி அடித்தல். வெளியேறும் வழியைத் தமக்குப் பின்னால் வைத்துக்கொண்டே தீயை எதிர்கொள்ளுதல் வேண்டும். கருவி ஒன்று தீரும்வரை அடித்தும் அடங்காத தீயைத் தீயணைப்போரிடம் விட்டு விலகுதலே அறிவுடைமை. தீயின் அளவு எதுவாயினும் 999 எண்ணை அழைப்பதில் தாமதம் கூடாது. ஆலயத்தின் பெயர், சாலை, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

இல்லங்களுக்கும் இவை பொருந்தும். பூசையறை விளக்கை எரியவிட்டு வெளியே செல்லுதல், உறங்கச் செல்லும்போது ஊதுவத்தியைத் துணியருகே விடுதல், இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்தல் ஆகியன தவிர்க்க வேண்டியவை. திருடனைத் தடுக்கும் பூட்டு, தீ மூண்ட இரவில் குடும்பத்தையும் தடுக்கும். சாவி கைக்கெட்டும் ஓரிடத்தில் இருப்பதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆலயம் ஏற்க வேண்டிய பொறுப்பு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நீள்வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த அயலார் வெவ்வேறு ஊர்களில் குடியேறினர். அடுக்குமாடியில் எதிர்வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத வாழ்க்கை பலருக்கும் வாய்த்தது. வாளி வரிசையில் நிற்க வேண்டிய கைகள் பிரிந்துபோயின. இந்நிலையில், பிரிந்தவர்களை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டும் ஆற்றல் ஆலயத்திற்கே மிகுதியாக உள்ளது. பழைய தோட்டத்து உறவு இன்று உயிரோடிருப்பது பெரும்பாலும் ஆலய வளாகத்தில்தான்.

ஆதலின் ஒவ்வோர் ஆலய நிர்வாகமும், தேர் இழுக்கவும் அன்னதானம் பரிமாறவும் தொண்டர் அணி வைத்திருப்பது போல, தீக்காவல் தொண்டர் அணி ஒன்றையும் அமைத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இளைஞரும் மங்கையருமாகப் பதினைந்து பேர் போதும். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தை அணுகிப் பயிற்சி கேட்கலாம். கொடியேற்றத்திற்கு முன்பாக வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, வழிகளையும் கம்பிகளையும் தோம்புகளையும் சோதிக்கும் பணியை அவ்வணியிடம் ஒப்படைக்கலாம். விழா நாள்களில் அவர்களுள் இருவர் சமையற்கூடத்திலும், இருவர் யாகசாலையிலும், மற்றையோர் வழிகளிலும் நிற்கலாம். ஆண்டுக்கொரு முறை ஆலயத்திலிருந்து அனைவரும் வெளியேறும் ஒத்திகை நடத்தினால், முதியோரையும் சக்கர நாற்காலியில் வருவோரையும் யார் அழைத்துச் செல்வது என்பது முன்னரே தெளிவாகும்.

தீயணைப்பு வண்டி எத்துணை விரைந்து வந்தாலும், தீ மூண்ட முதல் சில நிமிடங்கள் அவ்விடத்தில் இருப்போருக்கே உரியவை. அந்த நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என அறிந்த ஒருவர் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு, பல வேளைகளில் உயிருக்கும் உயிரிழப்பிற்கும் உள்ள வேறுபாடாகும். 1883ஆம் ஆண்டில் குழாய் நீரும் இயந்திர வண்டியும் இல்லாத ஊரில் பதினைந்து பேர் தொடங்கியதை, அனைத்து வசதிகளும் வாய்த்த இக்காலத்தில் ஆலயம்தோறும் பதினைந்து பேரால் தொடர இயலும். உழவாரத் தொண்டையும் திருவமுது படைத்தலையும் சிவத்தொண்டாகப் போற்றிய மரபு நம்முடையது. அடியார்களின் உயிர் காக்கும் இப்பணியும் அத்தொண்டின் வரிசையில் வைத்தெண்ணத் தக்கதே.

அன்னையின் திருவிழா இனிதே நிறைவுற்று, வந்த அடியார் அனைவரும் நலமே இல்லம் சேர, எல்லாம் வல்ல இறைவியின் திருவருள் துணை நிற்பதாக!